மத்தியகள வீரருக்கு எந்த நாடு?

2021 ஜூன் 5. தென்கொரியாவின் கோயாங் நகரில் இலங்கைக்கும் லெபனானுக்கும் இடையே உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டி. கொரோனா காலம் என்பதால் அந்தப் பிரிவின் எஞ்சிய ஆட்டங்களை ஒரே நாட்டில் வைத்து முடித்துக்கொண்டிருந்தார்கள். இலங்கை அதுவரை ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. ஒரு கோல் கூட அடித்ததில்லை. அதே தென்கொரியாவில் 2019 ஒக்டோபரில் வாங்கிய எட்டுக் கோல்களை யாரும் மறந்திருக்கவில்லை. அப்படிப்பட்ட அணி பத்தாவது நிமிடத்தில் லெபனானை முந்தியது. இடைவேளைக்குப் பின் பெனால்டி மூலம் இன்னொரு கோல். முடிவில் லெபனான் 3-2 என்று வென்றுவிட்டாலும், அன்றிரவு கொழும்பில் பலர் ஒரே பெயரைக் கூகுளில் தேடினார்கள்: அஹமட் வசீம் ரசீக். இரண்டு கோல்களும் அவருடையவை. பிறந்தது பெர்லினில்.

இலங்கை அந்தச் சுற்றுக்குள் நுழைந்த விதமும் சொல்லப்பட வேண்டியது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த இடங்களில் ஒன்று கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயம். ஜூன் மாதம் மக்காவோவுடன் இரண்டு கட்ட ஆட்டம். சீனாவில் நடந்த முதல் கட்டத்தில் மக்காவோ 1-0 என்று வென்றது. இரண்டாம் கட்டத்துக்குக் கொழும்பு வரப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுத்துவிட்டது. சர்வதேச சம்மேளனமான ஃபிஃபா, வராத அணிக்கு எதிராக 3-0 என்று தீர்ப்பெழுதி இலங்கையை மேலே அனுப்பியது. கொட்டாஞ்சேனைத் தெருக்கள் துக்கத்தில் மூடிக் கிடந்த நாட்களின் விளைவாகக் கிடைத்த ஓர் இடத்தில், பெர்லினில் பந்து பழகிய ஒருவர் கோல் அடித்தார்.

ரசீக் 1994இல் பிறந்தவர். யூனியன் பெர்லின் கழகத்தின் இளையோர் அமைப்பில் வளர்ந்து, மக்டபேர்க் போன்ற கழகங்களோடு ஜேர்மனியின் கீழ்நிலை லீக்குகளில் ஆடியவர். அந்த நாட்டின் தேசிய அணி அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 2021 நவம்பரில் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடல் அரங்கில் நடந்த நான்கு நாடுகளின் சுற்றுப்போட்டியில் மாலைதீவுக்கு எதிரான ஆட்டம் 4-4 என்று சமநிலையானது. இலங்கையின் நான்கு கோல்களையும் அடித்தவர் ரசீக். பங்களாதேஷைத் தோற்கடித்த ஆட்டத்திலும் அவர்தான். இறுதிப் போட்டியில் சீஷெல்ஸிடம் பெனால்டி உதைகளில் கிண்ணம் கைநழுவியது. மத்தியகள வீரர் என்று பதிவான ஒருவர் இத்தனை கோல் அடிப்பது அவருக்குப் பெருமை. அணியின் முன்களத்தைப் பற்றி அது சொல்லும் செய்தி அவ்வளவு மகிழ்ச்சியானதில்லை.

ரசீக்குக்குப் பின் வந்த பெயர்களை வரிசையாக வாசித்தால் இலங்கையின் குடிபெயர்வு வரலாறு தானாக வெளியே வந்துவிடும். கண்டியில் பிறந்து, அவுஸ்திரேலியாவில் வளர்ந்து, பிரிஸ்பேன் ரோர் கழகத்துக்குப் பல ஆண்டுகள் ஆடிய ஜேக் ஹிங்கேர்ட். லண்டனில் பிறந்து குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் இளையோர் அணியில் பழகிய டிலன் டி சில்வா. ஜேர்மனியின் டைனமோ டிரெஸ்டன் கழகத்தின் பின்கள வீரரான, தாய்வழியில் இலங்கைத் தொடர்புள்ள கிளாடியோ கம்மர்க்னெக்ட். சுவீடனில் வளர்ந்த மத்தியகள வீரர் ஆதவன் ராஜமோகன். அவுஸ்திரேலியாவிலிருந்து ஒலிவர் கெலார்ட். கெலார்ட் என்பது இலங்கைப் பறங்கியரின் குடும்பப் பெயர். 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பின் பறங்கியர்கள் மெல்பேர்னுக்கும் பேர்த்துக்கும் கப்பலேறினார்கள். 1983 ஜூலை இன வன்முறைக்குப் பின் தமிழர்கள் சூரிச், ஒஸ்லோ, லண்டன், டொரன்டோ என்று சிதறினார்கள். தொழிலுக்கும் படிப்புக்குமாகச் சிங்களவரும் முஸ்லிம்களும் போனார்கள். எந்த ஆணைக்குழு அறிக்கையையும் விட இந்த வீரர் பட்டியல் அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வெளிநாட்டில் வளர்ந்த வீரரிடம் கொழும்பு எதைத் தேடுகிறது? உடல் வலிமை என்று சிலர் சொல்வார்கள். அது பாதிக்கும் குறைவான பதில். இலங்கை அணியில் ஓடக்கூடியவர்கள் இல்லாமல் இருந்ததில்லை. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் கழகங்கள் உள்ளூர்ப் போட்டிகளின் முதுகெலும்பு. அங்கே உடற்தகுதிக்குப் பஞ்சம் இருக்க நியாயமில்லை. குறைவது நடுவில்.

மத்தியகளம் மைதானத்தின் மிக நெருக்கமான இடம். எல்லைக்கோட்டோரம் ஆடுபவருக்கு ஒரு பக்கம் கோடே துணை. பின்கள வீரருக்கு முழு ஆட்டமும் கண்முன்னே தெரியும். நடுவில் நிற்பவருக்கு நாலா பக்கமும் எதிராளி. பந்து காலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே இருமுறை மூன்றுமுறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். எந்தக் காலால் ஏற்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதெல்லாம் அதற்குள் முடிவாகியிருக்க வேண்டும். முதல் தொடுகை அரை அடி பிசகினால் பந்து எதிராளியிடம். இந்தப் பழக்கம் பதினெட்டு வயதில் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள், சிறிய கட்டங்களுக்குள் நான்குபேர் ஐந்துபேராக நெருக்கியடித்து ஆடும் பயிற்சியில், வாரத்துக்கு மூன்று நான்கு நாள் என்று வருடக்கணக்கில் ஊறி வருவது. 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் முதல் சுற்றிலேயே வெளியேறிய ஜேர்மனி, அதற்குப்பின் நாடெங்கும் 350க்கும் மேற்பட்ட இளையோர் பயிற்சி மையங்களைத் திறந்தது. முன்னணித் தொழில்முறைக் கழகங்கள் இளையோர் பயிற்சிக்கூடம் நடத்தியே ஆக வேண்டும் என்று விதித்தது. ரசீக் அந்தக் காலத்துப் பிள்ளை.

அதே வயதில் கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? ஆர்வத்தில் குறைவில்லை. 1865இல் தொடங்கிய புனித பெனடிக்ட் கல்லூரி கொழும்புப் பாடசாலை உதைபந்தாட்டத்தில் பெரிய பெயர். மருதானை ஸாஹிரா, கொழும்பு ஹமீத் அல் ஹுசைனி என்று கிட்டத்தட்ட நடந்து போகும் தூரத்தில் பரம எதிரிகள். 2000களில் லீக் கிண்ணம் வென்று ஆசிய மட்டப் போட்டிக்குப் போன ரத்தினம் விளையாட்டுக் கழகம் இந்தப் பக்கத்துக் கழகம். துறைமுகத்துக்கும் ஜம்பட்டா வீதிக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் பின்னேரம் பந்து உருளாத நாள் இல்லை. ஆனால் ஒழுங்கையில் பழகும் பிள்ளை பந்தை வைத்து ஆளை ஏமாற்றக் கற்கிறது. பந்தில்லாத நேரத்தில் எங்கே நிற்பது என்பதை யாராவது பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். பாடசாலைப் பருவம் சில மாதங்களில் முடிந்துவிடும். மைதானத்தைக் கிரிக்கெட்டோடும் ஹொக்கியோடும் மெய்வல்லுநரோடும் பங்கிட வேண்டும். பின்னேரப் பயிற்சிக்கும் டியூசனுக்கும் ஒரே நேரம். சாதாரண தரப் பரீட்சை வந்ததும் சப்பாத்தைப் பரணில் போடச் சொல்லும் வீடுகள்தான் அதிகம். அந்த வீட்டாரைக் குறை சொல்லவும் முடியாது. உதைபந்தில் சம்பளம் எங்கே என்று கேட்டால் படை வேலை, பொலிஸ் வேலை என்பதைத் தவிர உருப்படியான பதில் கிடையாது. 2021இல் பத்துக் கழகங்களோடு சூப்பர் லீக் என்று தொழில்முறைப் போட்டி தொடங்கியது. முதல் பருவத்தில் களுத்துறை புளூ ஸ்டார் கிண்ணம் எடுத்தது. பிறகு அந்த ஏற்பாட்டுக்குத் தொடர்ச்சி கிடைக்கவில்லை.

வெள்ளவத்தையில் காட்சி வேறு. ஓகஸ்டிலும் டிசெம்பரிலும் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட அடுக்குமாடிகள் விடுமுறைக்கு வரும் புலம்பெயர் குடும்பங்களால் நிரம்பி வழியும். தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைத் துண்டு நிலத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் தங்களுக்குள் சுவிஸ் ஜேர்மனிலோ நோர்வேஜிய மொழியிலோ கத்திக்கொள்வார்கள். மாடியிலிருந்து அம்மம்மா, "தம்பி, வெயிலுக்க நிக்காத, மேல வா" என்று கூப்பிட்டால் தமிழ் விளங்கும், பதில் வேறு மொழியில் வரும். பந்தை நிறுத்தி, தலையைத் திருப்பிப் பார்த்து, ஒரே தொடுகையில் அடுத்தவனுக்குத் தள்ளும் பிள்ளையை அங்கே பார்த்தவுடன் அடையாளம் காணலாம். ஏதோ ஒரு நகரத்தில் ஏதோ ஒரு கழகத்தின் பத்து வயதுக்குட்பட்ட அணியில் அந்தப் பிள்ளைக்கு ஒரு பயிற்றுநர் இருக்கிறார். இரத்தம் ஒன்றுதான். கொட்டாஞ்சேனைப் பிள்ளையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அந்தப் பயிற்றுநரில் இருக்கிறது. கொழும்பில் "வெளிநாட்டு வீரர்" என்று தொடங்கும் வாதங்கள் பெரும்பாலும் இதைத் தொடாமலே முடிந்துவிடுகின்றன.

இப்படி வளரும் ஒரு வீரரின் வாழ்க்கைக்கு ஏறக்குறைய ஒரே வடிவம். பதினெட்டு வயதில் கண் பிறந்த நாட்டின் மேல் இருக்கும். ஜேர்மனியோ இங்கிலாந்தோ அழைக்கும் என்ற நம்பிக்கையைப் பொய் என்று சொல்லிவிட முடியாத வயது. இருபத்துமூன்றில் மூன்றாம் நான்காம் பிரிவில் ஒப்பந்தம், இரண்டு காயம், மூன்று கழக மாற்றம். இருபத்தேழுக்கும் முப்பதுக்கும் இடையே கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. ஆதவன் ராஜமோகன் முப்பதை ஒட்டிய வயதில்தான் இலங்கைக்கு ஆடத் தொடங்கினார். ஹிங்கேர்ட் வரும்போது முப்பதைத் தாண்டி நாளாகிவிட்டது. 2014இல் அவர் அவுஸ்திரேலிய லீக்கின் சம்பியன் அணியில் இருந்தவர். இலங்கைக்கு அவர் கிடைத்தது அதற்குப் பத்தாண்டு கழித்து. விதிவிலக்குகள் உண்டு, டிலன் டி சில்வா இருபது வயதளவிலேயே வந்தார். பொதுவாக இலங்கை வாங்கிக்கொள்வது ஒரு வீரரின் பின்பாதியைத்தான். மத்தியகள வீரர் என்றால் அதிலும் ஓர் ஆறுதல் இருக்கிறது. வேகம் குறைந்தாலும் பார்வை குறையாத இடம் அது.

அழைப்பு வந்தவுடன் ஆடிவிட முடியாது. கடவுச்சீட்டு வேண்டும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளை வம்சாவழியில் இலங்கைப் பிரஜையாவதற்கு, பிறக்கும்போது பெற்றோரில் ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். ஓராண்டுக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்திருக்க வேண்டும். பிந்திவிட்டால் அமைச்சரின் அனுமதி தேவை. 2003ஆம் ஆண்டின் திருத்தம் வரை, மணமான தம்பதியரின் பிள்ளைக்குத் தந்தை வழியாக மட்டுமே இந்த உரிமை. தாய் இலங்கையர், தந்தை ஜேர்மன்காரர் என்றால் பிள்ளைக்கு அப்போது வழியிருக்கவில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதால் இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்தவர்கள் அதை மீளப்பெற 1987இன் திருத்தம் இரட்டைப் பிரஜாவுரிமை என்ற கதவைத் திறந்தது. பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டின் பிரதி என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு அந்தக் கதவின் கனம் தெரியும். யாழ்ப்பாணத்துக் கச்சேரிப் பதிவேடு போரில் போய்விட்டது என்ற விளக்கத்தை எத்தனை விண்ணப்பதாரர்கள் சொல்லியிருப்பார்கள்! இடையில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2022இன் 21ஆவது அரசியலமைப்புத் திருத்தப்படி இரட்டைப் பிரஜை பாராளுமன்றத்தில் உட்கார முடியாது. சிங்கம் பொறித்த சீருடையைப் போட்டுக்கொண்டு நாட்டுக்காக ஆடலாம், தலைவராகவும் ஆகலாம்.

அந்தச் சிங்கம் எல்லாருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு எடுத்தால் கொஞ்ச நேரம் அமைதி நிலவும். 1983இல் வெள்ளவத்தை வீட்டை எரியவிட்டுக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஓடியவர், தன் மகன் அந்தக் கொடியின் கீழ் நின்று தேசிய கீதம் பாடுவதை எப்படிப் பார்ப்பார்? ஒருசிலர் பெருமைப்படுவார்கள். ஒருசிலர் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவார்கள். இரண்டையும் தவறென்று சொல்ல வெளியாருக்கு அருகதையில்லை. புலம்பெயர் இளைஞர்கள் தமிழீழம் என்ற பெயரில் அணி சேர்த்து, ஃபிஃபாவில் இல்லாத அணிகளுக்காக கொனிஃபா நடத்தும் உலகப் போட்டியில் 2014இல் சுவீடனின் ஒஸ்டர்சுண்டிலும் 2018இல் லண்டனிலும் ஆடினார்கள். ஃபிஃபாவின் தரவரிசையில் அந்த ஆட்டங்களுக்கு இடமில்லை. ஆடியவர்களுக்கு அது பொருட்டாக இருந்திருக்காது. இன்னொரு பக்கம், அதே தலைமுறையைச் சேர்ந்த ராஜமோகன் கொழும்பு அணியின் சீருடையை அணிந்தார். ஒரே பின்னணியிலிருந்து இரண்டு வெவ்வேறு முடிவுகள்.

மூன்றாவது பாதையில் விமல் யோகநாதன் நிற்கிறார். 2006இல் வேல்ஸில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழக இளையோர் அமைப்பிலிருந்து 2024-25 பருவத்தில் முதல் அணிக்கு வந்தார். நிலை, மத்தியகளம். இங்கிலாந்துத் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடும் முதல் தமிழர் என்று பத்திரிகைகள் எழுதின. வெள்ளவத்தைக் கடைகளில் அவருடைய படம் வட்சப்பில் சுற்றியதற்கும், யாழ்ப்பாணத்தில் பேசப்பட்டதற்கும், சென்னையில் பகிரப்பட்டதற்கும் "தமிழர்" என்ற அந்த ஒரு சொல்லே காரணம். அவர் ஆடியது வேல்ஸின் இளையோர் அணிகளில். தெற்காசிய வேருள்ளவர் வேல்ஸின் மூத்த அணிக்குப் போவது புதிதல்ல. கொல்கத்தாத் தாய்க்குப் பிறந்த நீல் டெய்லர் 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் ரஷ்யாவுக்கு எதிராகக் கோல் அடித்தார். வேல்ஸ் அரையிறுதி வரை போனது. சிறிய நாடு, உயர்ந்த தரம்: இருபது வயது வீரர் ஒருவருக்கு அந்தக் கனவு நியாயமானது. இலங்கை அவரை அழைக்க வேண்டும் என்று சமூக ஊடகத்தில் கூவுபவர்கள் இதையும் கணக்கில் எடுப்பது நல்லது.

உலக அளவில் பார்த்தால் இந்த இழுபறி பழைய கதை. 2016இல் பிரான்ஸின் லென்ஸ் நகரில் சுவிற்சர்லாந்தும் அல்பேனியாவும் மோதியபோது கிரானிட் ஷாகா ஒரு பக்கம், அண்ணன் தௌலாந்த் மறுபக்கம். இருவரும் மத்தியகளம். இரண்டு பேரும் பாசலில் வளர்ந்தவர்கள். மெசுட் ஒசில் 2014இல் ஜேர்மனியோடு உலகக் கிண்ணம் வென்று, 2018 ஜூலையில் இனவாதத்தைக் காரணம் சொல்லி அந்த அணியை விட்டு விலகினார். 2022இல் கட்டாரில் அரையிறுதி கண்ட மொரோக்கோவின் 26 பேரில் 14 பேர் மொரோக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். புலம்பெயர் வீரர்களைத் தேடிச் சேர்ப்பதோடு, சொந்த நாட்டிலேயே நவீன பயிற்சிக்கூடத்தைக் கட்டி வளர்த்ததும் மொரோக்கோதான் என்பதைக் கொழும்பில் யாரும் அதிகம் சொல்வதில்லை. குறுக்கு வழிக்கு எடுத்துக்காட்டு மலேசியா. 2025 ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்ற அணியில் ஆடிய வெளிநாட்டு வீரர்கள் ஏழு பேரின் பாட்டன் பாட்டி ஆவணங்கள் போலி என்று செப்டெம்பரில் ஃபிஃபா தண்டித்தது. ஏழு பேருக்கும் பன்னிரண்டு மாதத் தடை.

அயலில் நமக்கு நெருக்கமான பாடம் பங்களாதேஷ். ஜமால் பூயான் டென்மார்க்கில் பிறந்தவர். பதின்ம வயதில் கோபன்ஹேகன் தெருவில் துப்பாக்கிச் சூடு பட்டுப் பிழைத்து, 2013இல் டாக்காவுக்கு ஆட வந்து, பிறகு தலைவரானார். அவரும் மத்தியகளம்தான். அவர் திறந்த பாதையில் 2025 மார்ச்சில் லெஸ்டர் சிற்றியின் ஹம்சா சௌத்ரி ஷில்லொங்கில் இந்தியாவுக்கு எதிராக அறிமுகமானார். ஆட்டம் 0-0. இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்ட அணியில் ஆடியவர், 2021இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்றவர். ஜூன் மாதம் கனடாவில் பிறந்த ஷமித் ஷோம் சேர்ந்தார். கனடாவின் மூத்த அணிக்கு அவர் ஆடிய ஆட்டங்கள் நட்புறவு ஆட்டங்கள் என்பதால் மாறுவதற்குத் தடை வரவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் டாக்காவில் பங்களாதேஷ் இந்தியாவை 1-0 என்று வென்றது. 2003க்குப் பின் முதல் வெற்றி. இந்தியாவின் நிலைமை வேறு. அங்கே இரட்டைக் குடியுரிமை இல்லை, இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர் நாட்டுக்கு ஆடவும் முடியாது. குஜராத்தித் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த மத்தியகள வீரர் அராட்டா இசுமி, ஜப்பானியக் குடியுரிமையைக் கைவிட்ட பின்பே 2013இல் இந்தியச் சீருடை அணிந்தார். இந்த விடயத்தில் மட்டுமாவது இலங்கைச் சட்டம் அண்டை நாட்டை விட இளகியது.

இளகிய சட்டத்தின் பலன் அண்மையில்தான் தெரிய வந்தது. 2023 ஜனவரியில், நிர்வாகத்தில் அரசாங்கத் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபிஃபா இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்டில் தடை நீங்கியது. 2024 மார்ச்சில் குதிரைப் பந்தயத் திடலில் பப்புவா நியூகினியுடன் 0-0, பூட்டானுக்கு எதிராக 2-0 வெற்றி. செப்டெம்பரில் கம்போடியாவுடன் கொழும்பில் 0-0, புனோம் பென்னில் 2-2, பெனால்டி உதைகளில் 4-2 என்று வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது. 2025 மார்ச்சில் பாங்கொக்கில் தாய்லாந்திடம் ஒரே கோலால் தோல்வி. ஜூனில் கொழும்பில் சீன தாய்ப்பேயை 3-1 என்று வென்றது. ஆறு வருடத்துக்கு முன் எட்டுக் கோல் வாங்கிய அணிக்கு இவை சாதாரண எண்கள் இல்லை. புலம்பெயர் வீரர்கள் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று கேட்டால், நடந்திருக்காது என்பதே நேர்மையான பதில்.

எதிர்ப்பும் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் உள்ளூர் மைதானத்தில் வியர்வை சிந்தியவன் வாங்கில் உட்கார, ஆட்டத்துக்கு மூன்று நாள் முன் விமானத்தில் வந்தவர் களமிறங்குகிறார். இலங்கைச் சம்மேளனத்துக்கு இது மலிவான ஏற்பாடு. ஜேர்மனியும் அவுஸ்திரேலியாவும் தங்கள் செலவில் பதினைந்து வருடம் பயிற்றுவித்த ஒருவர், ஒரு விமானச் சீட்டுக்குக் கிடைத்துவிடுகிறார். சர்வதேச ஆட்டங்களுக்கான இடைவெளி பத்து நாளளவு. அதில் பாதி பயணத்திலும் தூக்கக் கலக்கத்திலும் போகும். வந்தவர் திரும்பிப் போகும்போது அவருடைய பழக்கங்களும் அவரோடு போய்விடுகின்றன. பக்கத்தில் நின்று ஆடிய உள்ளூர் இளைஞன் அடுத்த ஆட்டம் வரை பழைய மைதானத்தில், பழைய பயிற்சியில். கொட்டாஞ்சேனையிலோ மன்னாரிலோ பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு முழுநேரப் பயிற்றுநரை வைக்கும் செலவு, நான்கு வெளிநாட்டு விமானச் சீட்டுகளைவிடப் பெரிதாக இருக்காது. இரண்டையும் சேர்த்துச் செய்யக்கூடாது என்று ஃபிஃபாவில் எந்த விதியும் கிடையாது.

ஃபிஃபாவில் இருக்கும் வேறொரு விதி கவனிக்கப்படாமல் கிடக்கிறது. 2020 செப்டெம்பரில் ஃபிஃபா நாடு மாறும் விதிகளைத் தளர்த்தியது. இளையோர் அணியில் ஆடியதால் கதவு மூடிவிடாது. மூத்த அணிக்குப் போட்டி ஆட்டம் ஆடியவரும், அந்த அணிக்கு ஆடிய எல்லா ஆட்டங்களும் மூன்றுக்கு மேற்படாமல், 21 வயது நிறையும் முன் ஆடியவையாக இருந்து, மூன்று வருடம் கடந்தும் விட்டால், உலகக் கிண்ணம் போன்ற இறுதிச் சுற்றுகளில் ஆடியிராத பட்சத்தில் மாறலாம். தலைப்புச் செய்தியாக வந்தது இவ்வளவுதான். அதோடு ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கிறது: முதல் நாட்டுக்காக எந்த மட்டத்திலாவது முதலாவது உத்தியோகபூர்வப் போட்டியில் ஆடிய நாளிலேயே, மாறப்போகும் நாட்டின் குடியுரிமை அவரிடம் இருந்திருக்க வேண்டும். எந்த நாட்டுக்கும் ஆடாதவர் இருபத்தேழில் பத்திரம் எடுத்து வரலாம். பதினாறு வயதில் வேல்ஸுக்கோ நோர்வேக்கோ சுவிற்சர்லாந்துக்கோ தகுதிகாண் போட்டி ஆடி, இருபதில் மூத்த அணியில் இரண்டு ஆட்டம் கண்டு, பிறகு ஓரங்கட்டப்பட்ட ஒருவர் இலங்கைக்கு வர விரும்பினால், குழந்தையாக இருந்தபோது தூதரகத்தில் அவருடைய பிறப்பு பதியப்பட்டதா என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

பறங்கியர் குடும்பங்களுக்கும் தொழிலுக்குப் போனவர்களுக்கும் அந்தப் பதிவு ஒரு சலிப்பான அலுவல், அவ்வளவே. அகதியாகப் போன தமிழ்ப் பெற்றோருக்கு இலங்கைத் தூதரகம் ஒருநாளும் கால் வைக்கக்கூடாத வாசல். புகலிட விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது அங்கே போனால் வழக்கே விழுந்துவிடும் என்று சட்டத்தரணி எச்சரித்திருப்பார். பயமும் இருந்தது, கோபமும் இருந்தது. பிறகு பிரித்தானிய, நோர்வேக் குடியுரிமை கிடைத்ததும் இலங்கைப் பிரஜாவுரிமை தானாக இல்லாமல் போனது. அதன் பின் பிறந்த பிள்ளைக்குப் பதிய எதுவுமில்லை. இந்த நாட்டை விட்டு அதிகமாக ஓட வேண்டியிருந்த சமூகத்தின் பிள்ளைகளே, திறமையாலும் எண்ணிக்கையாலும் கிட்டத்தில் இருந்தும், சட்டப்படி தூரத்தில் நிற்கிறார்கள். சுதந்திரச் சதுக்கத்துப் பக்கத்திலுள்ள சம்மேளனக் காரியாலயத்தில் வெளிநாட்டு வீரர்களின் காணொளிகளைப் பார்த்துப் பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கி, பிந்திய பதிவுக்கும் பெற்றோரின் இரட்டைப் பிரஜாவுரிமைக்கும் பத்தரமுல்லையில் ஒருவர் துணைநின்று விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கலாம். எந்த நாட்டுக்கு ஆடுவது என்பதை அந்தப் பிள்ளை இருபது வயதில் தானே முடிவெடுக்கட்டும்; முடிவெடுக்க இரண்டு கடவுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும்.